தண்டுவடக் காயத்திற்குப் பின் வரும் நரம்புவலி: கூட்டுச் சிகிச்சையை அறிந்துகொள்வோம்

முதுகுத் தண்டுவடத்தில் காயமுற்று, இடுப்பிற்குக் கீழே தொடுவுணர்வே இல்லாத ஒருவர் “கால் எரிகிறது” என்று சொல்லும்போது, வீட்டில் உள்ளவர்கள் திகைத்துப் போகிறார்கள். கிள்ளினால் தெரியாத காலில் நெருப்பு பட்டதுபோன்ற வலி எவ்வாறு வரும் என்ற ஐயம் எழுவது இயல்பே. சிலர் அதனை மனப்பிரமை என்று எண்ணுகின்றனர். வேறு சிலர் கால் குணமாகி வருவதன் அடையாளம் என்று மகிழ்கின்றனர். முதல் எண்ணம் தவறு. இரண்டாவதையும் வலியை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. அது பெரும்பாலும் நரம்புவலி. தண்டுவடக் காயமுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இவ்வலியை அனுபவிக்கின்றனர்.

மதுரையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் இக்காயம் எவ்வாறு நேர்கிறது என்பதை வாசகர்கள் அறிவீர்கள். தென்னையிலோ பனையிலோ ஏறும்போது தவறி விழுதல், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுதல், கிணற்றில் விழுதல், இருசக்கர வாகன விபத்து ஆகியவையே முதன்மைக் காரணங்கள். உழைக்கும் வயதில் இருப்போரே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். காயத்தால் நடை போயிற்று என்பதை ஏற்றுக்கொண்டவர்கள்கூட, இரவுதோறும் உறக்கத்தைக் கெடுக்கும் இவ்வலியால் மனம் சோர்ந்து போகின்றனர்.

இவ்வலிக்கு ஒரே மருந்து போதிய நிவாரணம் தராதபோது, இரண்டு அல்லது மூன்று சிகிச்சைகளை இணைத்து அளிப்பதைக் கூட்டுச் சிகிச்சை என்கிறோம். மாத்திரைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது கூட்டுச் சிகிச்சை ஆகாது. ஒவ்வொன்றையும் ஒரு காரணத்தோடு, ஒரு நேரத்தில் ஒன்றாகச் சேர்த்து, பயனை அளந்து பார்த்து, பயன் தராததை நீக்குவதே கூட்டுச் சிகிச்சை. இவ்வேறுபாட்டை நோயாளரும் பராமரிப்பாளரும் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். அதன் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் வலியின் வகையை அறிதல்

தண்டுவடக் காயமுற்ற ஒருவருக்கு ஒரே காலத்தில் பலவகை வலிகள் இருக்கலாம். சக்கர நாற்காலியைத் தள்ளுவதாலும், கைகளை ஊன்றி உடலைத் தூக்கி அமர்வதாலும் தோள்பட்டையில் வலி வரும். இது தசை, மூட்டு சார்ந்த வலி. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் ஆகியவற்றால் வயிற்றில் வரும் வலி உள்ளுறுப்பு வலி. இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது நரம்புவலி.

நரம்புவலியிலும் இரு வகைகள் உண்டு. காயம்பட்ட மட்டத்தில், உடலைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியதுபோல வருவது ஒன்று. காயத்திற்குக் கீழே கால், பாதம், பிட்டம் ஆகிய இடங்களில் எரிச்சலாகவும், ஊசி குத்துவதுபோலவும், மின்சாரம் பாய்வதுபோலவும் வருவது மற்றொன்று. இரண்டாவது வகை காயம் நேர்ந்த உடனே வராமல், சில மாதங்கள் கழித்தும் தொடங்கலாம்.

இவ்வாறு பிரித்து அறிவதில் பெரும் பயன் உண்டு. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் தோள்வலிக்கு உதவலாம். நரம்புவலிக்கு அவற்றால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. நரம்புவலி என்று அறியாமல் டைக்ளோஃபெனாக் ஊசியை அடிக்கடி போட்டுக்கொள்வோருக்கு வலி குறைவதில்லை. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வர வாய்ப்பு உண்டாகிறது. சிறுநீர்ப்பைக் கோளாறால் சிறுநீரகம் ஏற்கெனவே பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய இவர்களுக்கு அது இருமடங்கு இடர்.

வலி பிறக்கும் இடங்கள்

ஒரே மருந்து ஏன் போதுவதில்லை என்பதை அறிய, இவ்வலி எங்கே பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளலாம். கண்மாய் நீர் மடை வழியே அளவாக வயலுக்குச் செல்கிறது. மிகுதியான நீர் கலுங்கு வழியே வெளியேறுகிறது. மடைப்பலகை பழுதாகிக் கலுங்கும் மண்மூடிப் போனால், சிறு மழைக்கே வயல் மூழ்கிவிடும். மடையை மட்டும் சீர்செய்தாலும் கலுங்கை மட்டும் தூர்வாரினாலும் பாதிப் பயனே கிடைக்கும்.

தண்டுவடத்திலும் இதற்கு ஒப்பான நிலையே ஏற்படுகிறது. காயம்பட்ட இடத்திற்கு அருகிலுள்ள நரம்பணுக்கள் தூண்டுதல் ஏதுமின்றியே குறிப்புகளை அனுப்பத் தொடங்குகின்றன. அவ்வணுக்களில் கால்சியம் நுழையும் வாயில்கள் மடையைப் போன்றவை. அவை மிகையாகத் திறந்தால் வலிக்குறிப்புகள் பெருகும். இது முதல் மாற்றம்.

மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கீழிறங்கி வலியைத் தணிக்கும் பாதை ஒன்று நம் எல்லோருக்கும் உண்டு. செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் என்னும் வேதிப்பொருள்கள் அப்பாதையில் செயல்படுகின்றன. இதுவே கலுங்கு. காயத்தால் இப்பாதை அறுபடுகிறது, அல்லது வலுவிழக்கிறது. இது இரண்டாவது மாற்றம்.

மூன்றாவது மாற்றம் மூளையில் நிகழ்கிறது. கால்களிலிருந்து வழக்கமான குறிப்புகள் வராது போனதால், கால்களுக்கு உரிய மூளைப்பகுதி தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது. உணர்வற்ற காலில் வலி தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். வலியை உணர்வது மூளையே ஆதலால், காலில் உணர்வு இல்லாவிட்டாலும் அவ்வலி முற்றிலும் உண்மையானது.

மூன்று இடங்களில் மாற்றம் நிகழ்ந்திருக்கையில், ஓர் இடத்தில் மட்டும் செயல்படும் மருந்து முழு நிவாரணம் தராமையில் வியப்பில்லை. வெவ்வேறு இடங்களில் செயல்படும் சிகிச்சைகளை இணைக்க வேண்டும் என்னும் கருத்து இங்கிருந்தே பிறக்கிறது.

தனி மருந்தின் பயனும் எல்லையும்

சிகிச்சை எப்போதும் ஒரே மருந்தில்தான் தொடங்கும். பிரிகாபாலின், காபாபென்டின் ஆகியவை கால்சியம் வாயில்களில் செயல்படுகின்றன. பிரிகாபாலின் மருந்தை ஆஸ்திரேலியாவில் 137 தண்டுவடக் காயமுற்றோரிடம் 12 வாரங்கள் ஆய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவு, வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைத்தது என்று காட்டிற்று. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2012-இல் தண்டுவடக் காய நரம்புவலிக்கென அதற்கு ஒப்புதல் அளித்தது.

அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டியூலாக்ஸெடின் ஆகியவை வலியைத் தணிக்கும் பாதையை வலுப்படுத்துகின்றன. இவை மனச்சோர்வுக்கும் பயன்படும் மருந்துகள். ஆகவே மருந்துச் சீட்டைக் கடையில் கண்டு, “எனக்கு மனநோய் மாத்திரை எழுதிவிட்டார்கள்” என்று சிலர் வருந்துவதுண்டு. வருந்த வேண்டா. நரம்புவலிக்கென்றே அவை தரப்படுகின்றன.

இம்மருந்துகளிடம் எதிர்பார்க்க வேண்டியது என்ன? வலி முற்றிலும் நீங்குவது அரிது. வலியை 0 முதல் 10 வரை மதிப்பிட்டால், 2 புள்ளிகள் அல்லது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவதையே மருத்துவ உலகம் பொருட்படுத்தத்தக்க பயன் என்று கொள்கிறது. 8-இலிருந்து 5-க்கு இறங்கிய வலியோடு ஒருவரால் உறங்க முடியும், உடற்பயிற்சி செய்ய முடியும், வீட்டாரோடு உரையாட முடியும். அந்த இலக்கை ஒரே மருந்தால் எட்டுவோர் சிலரே. ஏனையோர்க்குப் பயன் போதாமல் போகலாம்; அல்லது பயன் தரும் அளவை எட்டுமுன் மயக்கமும் தலைச்சுற்றலும் தடையாக நிற்கலாம்.

இணைத்துத் தருவதைப் பற்றி ஆய்வுகள் கூறுவன

கனடாவில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. நீரிழிவு நரம்புவலியும், அக்கிக்குப் பின் வரும் நரம்புவலியும் உடைய 57 பேர் அதில் பங்குபெற்றனர். மார்ஃபினையும் காபாபென்டினையும் இணைத்துத் தந்தபோது, தனித்தனியே தந்ததைவிடக் குறைந்த அளவிலேயே வலி மிகுதியாகத் தணிந்தது. அதே ஆய்வாளர்கள் 2009-இல் 56 பேரிடம் நார்ட்ரிப்டிலினையும் காபாபென்டினையும் இணைத்து வெளியிட்ட ஆய்விலும் இணைப்பே மேலாக அமைந்தது. மடையையும் கலுங்கையும் சேர்த்துச் சீர்செய்வதன் பயனுக்கு இவை சான்று.

இங்கிலாந்தில் 130 நீரிழிவு நோயாளரிடம் நடைபெற்று 2022-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அமிட்ரிப்டிலின், டியூலாக்ஸெடின், பிரிகாபாலின் ஆகியவற்றுள் எதில் தொடங்கினாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றே என்று காட்டிற்று. முதல் மருந்து போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது மேலும் நிவாரணம் கிடைத்தது. எனவே உங்களுக்கு ஒரு மருந்திலும் அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு வேறொரு மருந்திலும் சிகிச்சை தொடங்கப்பட்டால், அதில் ஐயுற ஏதுமில்லை.

மேற்கண்டவை தண்டுவடக் காயமுற்றோரிடம் நடந்த ஆய்வுகள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தண்டுவடக் காயமுற்றோரிடமே நிகழ்ந்த இணைப்பு ஆய்வுகள் குறைவு. அவற்றுள் இரண்டைக் கூறலாம். சிட்னியில் 15 பேரிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் மார்ஃபினும் குளோனிடினும் ஊசி வழியே செலுத்தப்பட்டன. தனித்தனியே தந்தபோது பயன் தெளிவாக இல்லை. இரண்டையும் இணைத்தபோது வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இது தேர்ந்த கண்காணிப்பில் மட்டுமே செய்யத்தக்க முறை. அன்றாடச் சிகிச்சை அன்று.

மற்றொன்று பார்சிலோனாவிலிருந்து 2010-இல் வெளிவந்தது. 39 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மண்டையின் மேலிருந்து மூளைக்கு மிக மெல்லிய மின்னோட்டம் தருவது ஒரு சிகிச்சை. கண்ணாடியில் தம் மேலுடலையும், அதன்கீழ்த் திரையில் நடக்கும் கால்களையும் ஒருங்கே காணச்செய்து, தாமே நடப்பதாக உணரவைப்பது மற்றொரு சிகிச்சை. இரு வாரங்களில் 10 அமர்வுகள் நடந்தன. இரண்டையும் இணைத்துப் பெற்றவர்களின் வலியே மற்றவர்களினும் மிகுதியாகக் குறைந்தது. 12 வாரங்களுக்குப் பின்னும் அவர்களுக்கு மட்டுமே பயன் நீடித்தது. மூளையில் நிகழும் மூன்றாவது மாற்றத்தையும் சிகிச்சையால் தொட முடியும் என்பதை இது உணர்த்துகிறது. எனினும் மின்னோட்டச் சிகிச்சை பற்றிப் பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே அளவு பயனைக் காட்டவில்லை. ஆகவே அதனை உறுதியான தீர்வு என்று எவரேனும் விளம்பரம் செய்தால் நம்பிப் பெரும்பொருள் செலவிட வேண்டா.

ஒவ்வொன்றாகச் சேர்க்கும் முறை

எந்த மருந்து பயன் தந்தது, எது மயக்கம் தந்தது என்பது தெரிய வேண்டுமானால், ஒரே நாளில் இரண்டு புதிய மருந்துகளைத் தொடங்கலாகாது. எடுத்துக்காட்டாக ஒருவரின் குறிப்பேட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தொடக்கத்தில் அவரது வலி 8. இரவில் நான்கு முறை விழிப்பு. முதல் மருந்தைத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிச் சில வாரங்களுக்குப் பின் வலி 6. விழிப்பு இரண்டு முறை. பகலில் சிறிது தலைச்சுற்றல். இந்நிலையில் முதல் மருந்தை மேலும் கூட்டினால் தலைச்சுற்றலும் கூடும். ஆகவே அதனை அந்த அளவிலேயே நிறுத்தி, வேறு இடத்தில் செயல்படும் இரண்டாவது மருந்தைக் குறைந்த அளவில் இரவில் சேர்க்கலாம். அதன்பின் வலி 4 ஆனால் இணைப்பு வெற்றி. 6-லேயே நின்றால் இரண்டாவது மருந்து உரிய அளவும் காலமும் தரப்பட்டதா என்று பார்த்துவிட்டு, அதனைப் படிப்படியாக நீக்கி வேறொன்றை முயல வேண்டும்.

இம்முடிவை எடுக்க மருத்துவருக்கு உங்கள் குறிப்பேடு இன்றியமையாதது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நாள்தோறும் ஒரே வேளையில் ஐந்து செய்திகளை எழுதுங்கள்:

1. இன்றைய வலி, 0 முதல் 10 வரை.
2. இரவில் எத்தனை முறை விழிப்பு.
3. இன்று செய்ய முடிந்த வேலை: உட்கார்ந்த நேரம், உடற்பயிற்சி, வெளியே சென்றது.
4. மயக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல், கால் வீக்கம் போன்ற புதிய தொல்லை.
5. மருந்தில் செய்த மாற்றம்.

வலியின் எண்ணைக் காயமுற்றவரே சொல்ல வேண்டும். பராமரிப்பாளர் முகம் பார்த்து ஊகித்து எழுதலாகாது. “நேற்றைவிடப் பரவாயில்லை” என்பதைவிட “நேற்று 7, இன்று 5” என்பது மருத்துவருக்கு நூறு மடங்கு உதவும்.

மருந்துகள் சேரும்போது வரும் இடர்கள்

நம் நாட்டு மருந்துக் கடைகளில் ஒரே மாத்திரையில் இரண்டு, மூன்று மருந்துகள் கலந்து வருவதுண்டு. பிரிகாபாலின், நார்ட்ரிப்டிலின், மெத்தில்கோபாலமின் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த மாத்திரைகள் பரவலாகக் கிடைக்கின்றன. விழுங்க வேண்டிய மாத்திரை குறைவு என்பது இதன் நன்மை. ஒன்றைக் கூட்டாமல் மற்றொன்றைக் கூட்ட முடியாது என்பது குறை. மெத்தில்கோபாலமின் பி12 வைட்டமினின் ஒரு வடிவம். குறைபாடு உள்ளவர்களுக்கு அது தேவை. அதனைத் தண்டுவடக் காய நரம்புவலியை அடக்கும் மருந்தாக எண்ணிக்கொள்ளலாகாது.

இங்கேதான் பெரும் பிழை நேர்கிறது. அரசு மருத்துவமனையில் பிரிகாபாலின் மாத்திரை தருகின்றனர். வலி பொறுக்காமல் வேறொரு மருத்துவரிடம் சென்றபோது, அவர் மூன்று மருந்து கலந்த மாத்திரையை எழுதுகிறார். அட்டையின் நிறமும் வணிகப் பெயரும் வேறாக இருப்பதால் வீட்டார் இரண்டையும் தருகின்றனர். நோயாளர் ஒரே மருந்தை இருமடங்கு உட்கொள்கிறார். இதனைத் தவிர்க்க, அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரைப் பார்க்காமல், அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பாருங்கள். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் போன்ற இடங்களில் மலிவு விலையில் வாங்கும்போதும் பொருந்த வேண்டியது அப்பெயரே. படிக்க இயலாவிட்டால், வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அந்தப் பை உடன் செல்லட்டும்.

மயக்கத்தை இலேசாகக் கருதலாகாது. பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின், தசை இறுக்கத்திற்குத் தரும் பேக்லோஃபென் ஆகிய மூன்றும் உறக்கத்தைக் கூட்டுபவை. அளவு மீறியவர் நன்கு உறங்குகிறார் என்று வீட்டார் நிம்மதி அடையலாம். ஆனால் ஆழ்ந்து மயங்கியவர் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரண்டு படுப்பதில்லை. நாற்காலியில் இருப்பவர் இடைவிடாது செய்ய வேண்டிய பிட்டம் தூக்கும் பயிற்சியை மறக்கிறார். அதனால் படுக்கைப்புண் வருகிறது. அப்புண்ணே நரம்புவலியை மேலும் தூண்டுகிறது. வலி கூடியது என்று மேலும் ஒரு மாத்திரை தரப்படுகிறது. இச்சுழலில் வலியைக் குறைக்கத் தந்த மருந்தே வலியைக் கூட்டிவிடும். பகலில் உட்கார்ந்தபடியே உறங்கி விழுபவரை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேலும் சில இடர்களைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

டிரமடால், மார்ஃபின் வகை மருந்துகளைப் பிரிகாபாலின் அல்லது காபாபென்டினோடு சேர்த்தால் மூச்சு மந்தமாகலாம். கழுத்துப் பகுதியில் காயமுற்று மூச்சுத் தசை வலுவிழந்தவர்களுக்கு இந்த இடர் மிகுதி. மதுவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

டிரமடாலை அமிட்ரிப்டிலின் அல்லது டியூலாக்ஸெடினோடு சேர்த்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். செரட்டோனின் மிகுந்து நடுக்கம், வியர்வை, காய்ச்சல், மனக்குழப்பம் ஆகியனவும் தோன்றலாம்.

அமிட்ரிப்டிலின் சிறுநீர் தேங்குவதையும் மலச்சிக்கலையும் கூட்டும். எழுந்து உட்காரும்போது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். இம்மூன்றும் தண்டுவடக் காயத்தாலேயே வரக்கூடியவை. ஆகவே அம்மருந்தைத் தொடங்கியபின் சிறுநீரின் அளவையும் மலம் கழிப்பதையும் கவனித்து எழுதுங்கள்.

பிரிகாபாலினும் காபாபென்டினும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இரத்தத்தில் கிரியாட்டினின் பரிசோதனை கேட்பது இதற்காகவே.

எந்த மருந்தையும் திடீரென நிறுத்தலாகாது. பிரிகாபாலினைத் திடீரென விட்டால் உறக்கமின்மை, வியர்வை, பதற்றம் வரும். பேக்லோஃபெனைத் திடீரென விட்டால் கடும் தசை இறுக்கமும் வலிப்பும் வரலாம். திருவிழாவுக்கோ உறவினர் வீட்டுக்கோ வெளியூர் செல்லும்போது, மாத்திரை போதிய அளவு உள்ளதா என்று முன்னரே பாருங்கள்.

மருந்தோடு இணைய வேண்டியவை

கூட்டுச் சிகிச்சையில் மருந்தல்லாத பகுதியும் சம அளவு முக்கியமானது. நாள்தோறும் செய்யும் இயன்முறைப் பயிற்சி தசை இறுக்கத்தைக் குறைத்து, மனநிலையை உயர்த்தி, உறக்கத்தைச் சீராக்குகிறது. உறக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுவதும், வலி கூடினால் உறக்கம் கெடுவதும் நீங்கள் அறிந்ததே. தோல்வழி மெல்லிய மின்தூண்டல் தரும் சிறு கருவி சிலருக்கு உதவுகிறது. ஆனால் உணர்வற்ற தோலில் அதனைப் பொருத்தினால் புண்ணாகலாம். இடத்தை இயன்முறை மருத்துவரே குறித்துத் தர வேண்டும்.

வெந்நீர் ஒத்தடம் பற்றித் தனியே எச்சரிக்கிறோம். எரிச்சல் எடுக்கும் காலுக்குப் பாசத்தோடு வெந்நீர்ப் பை வைத்ததால் தோல் வெந்து கொப்புளமாவது உண்டு. உணர்வற்ற பகுதியில் வெந்நீர்ப் பை, சூடான தைலம், மின்சார ஒத்தடப் பை ஆகிய எதையும் வைக்கலாகாது. பனிக்கட்டியும் கூடாது. இளஞ்சூட்டுத் தைலத்தை மெல்லத் தடவுவதில் தவறில்லை. சூட்டைத் தடவுபவர் தம் முழங்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனத்திற்கான பயிற்சியும் சிகிச்சையே. வலியைப் பற்றிய அச்சத்தைக் குறைத்தல், வேலைகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் செய்தல், மூச்சைச் சீராக்கி உடலைத் தளர்த்துதல் ஆகியவற்றை உளவியலாளர் கற்பிப்பார். இதனால் வலியின் எண் சிறிதே குறைந்தாலும், வலியோடு வாழும் திறன் கூடுகிறது. “வாழ்ந்து என்ன பயன்” என்று ஒருவர் சொன்னால் அதைப் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் கூறுங்கள். 14416 என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பல துறையினர் ஒன்றுகூடித் தரும் இத்தகைய சிகிச்சை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் காயமுற்று இரு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளருக்குக் கை அறுவைச் சிகிச்சைகள் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவரது முயற்சியால் வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நமக்குத் தெற்கே தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அங்கும் தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வுப் பயிற்சி நடைபெறுகிறது. காயமுற்றவர்களே கட்டியெழுப்பிய இந்நிலையங்களில் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் அனைவரும் ஒரே குழுவாக இயங்குகின்றனர்.

வலி திடீரெனக் கூடினால்

சீராக இருந்த வலி ஓரிரு நாள்களில் கூடினால், மாத்திரையைக் கூட்டுமுன் காரணத்தைத் தேடுங்கள். சிறுநீர் கலங்கியோ நாற்றத்தோடோ உள்ளதா? சிறுநீர் வடிகுழாய் மடங்கியுள்ளதா? மலம் கழித்து எத்தனை நாளாயிற்று? பிட்டம், குதிகால், இடுப்பெலும்புப் பகுதிகளில் தோல் சிவந்துள்ளதா? கால்விரல் நகம் சதையில் பதிந்துள்ளதா? இறுக்கமான உடை, காலணி உள்ளதா? உணர்வற்ற பகுதியில் உள்ள கோளாற்றை உடல் நரம்புவலியாகவே அறிவிப்பதுண்டு. அக்கோளாறு தீர்ந்தால் வலியும் பழைய நிலைக்கு இறங்கும்.

இரு நிலைகளில் காலம் தாழ்த்தலாகாது. மார்பின் நடுப்பகுதிக்கு மேலே, அதாவது ஆறாவது மார்பு எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குத் திடீரெனத் தலையைப் பிளக்கும் வலி, முகம் சிவத்தல், காயத்திற்கு மேலே வியர்த்தல் தோன்றினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கக்கூடும். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், உடையைத் தளர்த்துங்கள், வடிகுழாய் அடைபட்டுள்ளதா என்று பாருங்கள், 108-ஐ அழையுங்கள். இரண்டாவதாக, முன்பு உணர்விருந்த பகுதி மரத்துப்போனாலோ, முன்பு இயங்கிய கை வலுவிழந்தாலோ, வலி புதிதாக மேல்நோக்கி ஏறினாலோ, தண்டுவடத்திற்குள் நீர்க்கட்டி உருவாகியிருக்கலாம். அதனை ஸ்கேன் மூலமே அறிய இயலும்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது

தொலைவிலிருந்து வாடகை வண்டி பிடித்து வரும் குடும்பங்களின் செலவையும் களைப்பையும் நாங்கள் அறிவோம். இயன்முறை சிகிச்சையையும் வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டிற்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பயன்களைப் பெற அடையாள அட்டை தேவை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது மூன்று பொருள்களைத் தவறாது கொண்டு வாருங்கள்: வலிக் குறிப்பேடு, எல்லா மருந்து அட்டைகளும் உள்ள பை, வீட்டில் மருந்து எடுத்துத் தருபவர். புதிய மருந்து எழுதப்பட்டால் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இது எதற்காகச் சேர்க்கப்படுகிறது? பயன் தெரிய எத்தனை நாளாகும்? பயன் இல்லையெனில் எப்படி நிறுத்துவது? இக்கேள்விகளுக்கு விடை பெறுவது உங்கள் உரிமை. விடை தெரிந்து உட்கொள்ளும் இரண்டு மாத்திரைகள், தெரியாமல் உட்கொள்ளும் ஆறு மாத்திரைகளைவிட நன்மை தரும்.